எரியுதா, இல்லையா?

எங்கள் விடுதியின் 104 ஆம் எண் அறையில் மின்விசிறி ஒன்றரை வருடம் காற்றை மேல்நோக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. மாட்டியவன் நான்தான்.

யாரும் புகார் சொல்லவில்லை. ராமேஸ்வரத்தில் ஜன்னலைத் திறந்தால் போதும், கடல்காற்று போர்வையோடு ஆளைத் தூக்கும். கடைசியில் நாக்பூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மல்லாந்து படுத்தவர், பத்து நிமிடம் விசிறியையே பார்த்திருக்கிறார். கீழே இறங்கி வந்து இந்தியும் ஆங்கிலமும் கலந்து என்னிடம் கேட்டது இதுதான்: உங்கள் ஊரில் விசிறிகூட மேலே இருக்கிற சாமிக்குத்தான் வீசுமா?

கெபாசிட்டர் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் போடும், மீட்டரும் ஓடும், காற்று மட்டும் கீழே வராது. மாட்டிய அன்று நான் சோதித்தது ஒன்றே ஒன்றுதான். சுவிட்சைப் போட்டேன், சுற்றியது. அப்புறமென்ன?

நான் கணக்குப்பிள்ளை. கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு விடுதியில் 19 வருடமாகப் பேரேடு எழுதுகிறேன். விடுதியின் பெயர் வேண்டாம். நாளைக் காலையும் நான் அங்கேதான் வேலைக்குப் போக வேண்டும். ஒருநாள் எலக்ட்ரீசியன் வராமல் போக, டியூப் லைட்டின் ஸ்டார்ட்டரைத் திருகி நான் எரிய வைத்தேன். வினை அங்கே ஆரம்பித்தது. மறுநாளிலிருந்து குழாய் சொட்டினாலும் கொண்டி கழன்றாலும் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டாலும், "கணக்கக் கூப்புடு" என்றார் முதலாளி. எனக்கும் அது பிடித்திருந்தது. இங்கே ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் குற்றம் அதுதான். பேரேட்டில் பிழையில்லாமல் கூட்டி முடித்த ஒரு பக்கத்தைப் பார்த்து இதுவரை யாரும் என்னைப் பாராட்டியதில்லை. பல்பு எரிந்தால் ஓர் அறையே நிமிர்ந்து பார்க்கிறது.

துபாயிலிருந்து அத்தான் கொண்டுவந்த பிஸ்கட் டப்பாதான் என் பட்டறை. உள்ளே ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர், கைப்பிடி உடைந்த ஸ்குரு டிரைவர், டெஃப்லான் டேப், பாதி காய்ந்த எம்சீல், எதிலிருந்து கழன்றது என்று தெரியாத ஏழெட்டு ஸ்குரு. ஒரு வேலையை முடித்து மூடும்போது ஒன்றிரண்டு ஸ்குரு மிஞ்சினால் அதை வரவில் வைப்பது என் வழக்கம்.

1984 இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி ஆல் இன் ஆல் அழகுராஜாவாக வந்ததிலிருந்து, எல்லா வேலையும் தெரியும் என்கிற ஆளைப் பார்த்தாலே தமிழனுக்குச் சிரிப்பு வந்துவிடும். 2001 இல் 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் நேசமணியாக வந்த வடிவேலு அதில் ஒரு சுத்தியலையும் சேர்த்துவிட்டார். 2019 இல் உலகமே அந்தக் காண்ட்ராக்டர் நேசமணிக்காக ட்விட்டரில் பிரார்த்தனை செய்தபோது, நான் மட்டும் சிரிக்காமல் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன்: அவரிடம் காண்ட்ராக்டர் லைசென்ஸ் இருந்ததா? அப்படிக் கேட்டதாக இப்போது எழுதத்தான் ஆசை. உண்மையில் நானும் சிரித்துவிட்டு ஏதோ ஓர் அறைக்கு விசிறி மாட்டப் போனவன்தான்.

காருக்கு லைசென்ஸ் உண்டு, துப்பாக்கிக்கு உண்டு. ஸ்குரு டிரைவருக்கு ஏது? இப்படித்தான் நினைத்திருந்தேன். பாதிக்குப் பாதி அது சரியும்கூட. வீட்டுக்குள் சில்லறை ரிப்பேர் பார்க்கிறவன் இன்ன உரிமம் வைத்திருக்க வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக ஒரு சட்டம் நம் நாட்டில் கிடையாது. குழாய்க்கு வாஷர் போடலாம், கதவுக்குக் கீல் மாற்றலாம், சுவரில் ஆணி அடிக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். குழாய் விஷயத்தில் சட்டம் என்னை நம்பியது. நான் அந்த நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றினேன் என்று சொல்கிறேன்.

ஆடி அமாவாசை. விடுதியில் ஓர் அறை பாக்கியில்லை. முதல் மாடியில் ஒரு குழாய் சொட்டுகிறது. மொட்டை மாடியில் நான்கு கேட் வால்வுகள். எது எந்த மாடிக்கு என்று பெயிண்டில் எழுதி வைக்க வேண்டும் என்று ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். எழுதாமல் இருப்பவனும் நானே. ஒன்றை மூடினேன். கீழே வந்து குழாயைத் திறந்தேன், தண்ணீர் வரவில்லை. என் கைராசியை மெச்சிக்கொண்டு குழாயைக் கழற்றினேன். தண்ணீர் நின்றது நான் வால்வை மூடியதால் அல்ல, டேங்க் காலியானதால். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடம் சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோய்விட்டது. நான் மூடியிருந்த வால்வு இரண்டாவது மாடிக்கானது. அங்கே அக்னி தீர்த்தக் கடலில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, உப்புப் போகச் சோப்புப் போட்டு நின்றிருந்தது பதினோரு பேர் கொண்ட ஒரு குடும்பம். அவர்கள் நுரையோடு படிக்கட்டில் எட்டிப் பார்த்தபோது 23 ஆம் தீர்த்தம் முதல் மாடியில் ஓடிக்கொண்டிருந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் என் மச்சினன் இதைக் கேட்டுவிட்டு, "இங்கயும் குழாய நாமளே மாத்தலாம் மாமா. ஆனா சுவத்துக்குள்ள போற பைப்புல கை வைக்கணும்னா லைசென்ஸ் வாங்குன பிளம்பர்தான் வரணும்" என்றான். நான் சுவருக்குள் கை வைக்கவில்லை. சுவர்தான் என் மேல் கை வைத்தது.

நஷ்டஈடு கேட்டு யாராவது வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்று அன்றிரவு தூக்கம் வராமல் யோசித்தேன். 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் காசு வாங்காமல் இலவசமாகச் செய்கிற சேவையைத் தன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கூலி வாங்கினால்தான் குறைபாடு, முறையீடு எல்லாம். நான் அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்களுக்கு எத்தனையோ சில்லறை வேலை செய்திருக்கிறேன், காசு வாங்கியதில்லை. டீயும் உளுந்து வடையும் வாங்கியிருக்கிறேன். வடை கூலியாகுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். எத்தனை வடை என்று அவர் திருப்பிக் கேட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் விடுதிக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அறை வாடகை வாங்கியிருக்கிறோம். குழாயும் விசிறியும் அந்த வாடகைக்குள் அடக்கம்.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை செப்டிக் டேங்க் நிரம்பியது. லாரி வந்து உறிஞ்சியது. அடியில் கெட்டியாகக் கொஞ்சம் தங்கிவிட்டது. "உள்ள எறங்க ஒரு ஆளப் பாரு" என்றார் முதலாளி. எல்லாவற்றுக்கும் ஆள் தெரிந்தவன் அல்லவா நான்? பார்த்துக் கூட்டி வந்தேன். அந்த மனிதர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். லாரி டிரைவர்தான் குறுக்கே வந்து நின்றார். "அண்ணே, எறங்குறவர் மேல கேசு கெடையாது. எறக்கிவிட்ட உங்க மேலதான் கேசு." 2013 ஆம் ஆண்டுச் சட்டம் அது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்கில் இறக்கினால், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆள் இறந்துபோனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு 14420 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும். மூடியைத் திறந்தால் வருகிற வாயு எத்தனை பேரை விழுங்கியிருக்கிறது என்று பத்திரிகையில் படித்தவன்தான் நான். படித்ததும் கூட்டி வந்ததும் ஒரே ஆள்தான். அந்த மனிதர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

இனி மின்சாரம். என் புகழ் முழுக்க அதில்தான் இருந்தது, வெட்கமும் அதில்தான்.

எங்கள் தீவில் வீடு கட்டுகிறவர்களுக்குப் பங்காளி ஒருவன் உண்டு: உப்புக்காற்று. புதிதாகப் போட்ட சுவிட்ச் போர்டை இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் உள்ளே செம்பு பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருக்கும். 1914 இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் துரு தின்பதைத் தடுக்க ரயில்வே நூறு வருடத்துக்கு மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பெயிண்ட் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு செய்தும், 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து சோதித்துப் பார்த்துச் சான்று தந்த பிறகுதான் ரயிலை ஓட்ட முடிந்தது. சான்று கேட்கப்படாமல் இந்தத் தீவில் ஓடிக்கொண்டிருந்தது என் ஒயரிங் ஒன்றுதான்.

தீவு கண்ட மிகப் பெரிய ரிப்பேர் வேலையும் அந்தப் பாலத்தில்தான் நடந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, பாலத்தின் கண்களும் போயின. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் 46 நாளில் அதை நிமிர்த்தி ரயிலை விட்டார். நான் 201 ஆம் அறை வாட்டர் ஹீட்டரைப் பிரித்துப் போட்டு 46 நாள் தாண்டியபோது என் மனைவி இந்தக் கதையை எனக்கு நினைவூட்டினாள்.

அந்த ஹீட்டரைத் திரும்ப மாட்டினேன். மாட்டியதிலிருந்து விடுதியில் ஈஎல்சிபி விழ ஆரம்பித்தது. இப்போது ஆர்சிசிபி என்கிறார்கள். எங்கள் ஊர்க் கடைகளில் இன்னும் பழைய பெயர்தான். சுருக்கமாகச் சொன்னால் அந்தப் பெட்டி ஒரு கணக்குப்பிள்ளை. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போனது அதிகம், வந்தது குறைவு என்றால் நடுவில் எங்கோ கசிகிறது. ஈரச் சுவர் வழியாகவோ, ஒரு மனித உடம்பு வழியாகவோ. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே, கண் இமைப்பதற்குள் மொத்தக் கரண்டையும் வெட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் என்பது ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பு இழுப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

எங்கள் பெட்டி ஒரு நாளைக்கு நான்கு தடவை விழுந்தது. இருட்டில் யாத்ரீகர்கள் கத்தினார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே வருகிற இரண்டு ஒயரையும் வெளியே போகிற இரண்டு ஒயரோடு நேராக முறுக்கி, டேப் சுற்றினேன். பெட்டி சுவரிலேயே இருந்தது, அழகுக்கு. அன்றிலிருந்து ஒருமுறைகூடக் கரண்டு போகவில்லை. முதலாளி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், ஸ்பெஷல் டீ. ஒரு கணக்குப்பிள்ளை இன்னொரு கணக்குப்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்திவிட்டு அதற்குப் பரிசும் வாங்கினான்.

அடுத்த மாதம் இன்னொரு சாதனை. ஓர் அறையில் குளியலறை விளக்கின் சுவிட்ச் குளியலறைக்கு உள்ளேயே இருந்தது. தீர்த்தமாடிவிட்டுச் சொட்டச் சொட்ட வருகிறவர்கள் ஈரக் கையோடு அதைத் தொடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யாரும் சொல்லாமலேயே, நல்லெண்ணத்தில், சுவிட்சை வெளிச் சுவருக்கு மாற்றினேன். சுவிட்சைப் போட்டேன், எரிந்தது. அணைத்தேன், அணைந்தது. இதற்கு மேல் ஒரு சுவிட்சிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

மூன்று வாரம் கழித்து அறையைத் துடைத்துக்கொண்டிருந்த ரூம் பாய், அந்த விளக்கில் பல்பு மாற்ற ஸ்டூல் போட்டு ஏறினான். பத்தொன்பது வயதுப் பையன். ஒழுங்காகச் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் ஏறினான். தரை ஈரம், ஸ்டூல் இரும்பு, கால் வெறுங்கால். ஹோல்டரில் விரல் பட்டதும் ஒரு சத்தம். நான் ஓடிப்போனபோது அவன் பக்கெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனி கறுத்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, கரண்டு பிடித்துக்கொள்ளாமல் தூக்கி எறிந்ததுதான் அவன் அதிர்ஷ்டம். அவன் என்னைத் திட்டவில்லை. புரியாமல் கேட்டான்:

"அண்ணே, சுவிட்ச் ஆஃப்லதான இருந்துச்சு?"

ஆமாம், ஆஃபில்தான் இருந்தது. நான் அதை நியூட்ரலில் கொடுத்திருந்தேன். ஃபேஸ் ஒயரை வெட்டி நடுவில் சுவிட்சை வைக்க வேண்டும். நான் நியூட்ரலை வெட்டி வைத்திருந்தேன். எப்படி வைத்தாலும் விளக்கு எரியும், எப்படி வைத்தாலும் அணையும். ஆனால் நியூட்ரலில் வைத்தால், அணைந்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். பார்ப்பவனுக்கு இருட்டு, தொடுபவனுக்கு மின்சாரம். அந்த நேரத்தில் அவனைக் காப்பாற்றியிருக்க வேண்டிய பெட்டியை நான்தான் சுவரில் அழகுக்கு வைத்திருந்தேன்.

மறுநாள் முறையான வயர்மேன் வந்தார். மண்டபம் பக்கத்துத் தம்பி, முப்பது வயதுகூட இருக்காது. ஐடிஐ படித்து, சான்றிதழ் வாங்கி, உரிமம் பெற்ற காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர். பெட்டியைத் திறந்து என் டேப் சுற்றலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாருண்ணே பாத்தது?" என்றார். நான் 19 வருடத்தில் முதல் முறையாக எழுத்தாணி பிடித்தவனாகவே முகத்தை வைத்துக்கொண்டு, "எவனோ வெளியாளு தம்பி" என்றேன். என் இரண்டாவது பெரிய குற்றம் அது. பையன் பக்கத்திலேயே நின்றிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். நான் 46 நாளுக்கு மேல் பிரித்துப் போட்டிருந்த ஹீட்டரின் எலிமெண்ட் கசிந்துகொண்டிருந்தது. பெட்டி விழுந்த ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லியிருக்கிறது. நான் கேட்கவில்லை, வாயில் துணியை அடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். அடிபட்ட பிறகு சகுனம் பார்ப்பது நம் வழக்கம்தானே. 1956 ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45 ஆவது விதி. மின்சாரச் சட்டம் 2003 வந்த பிறகு 2010 இல் மத்திய மின்சார ஆணையம் போட்ட ஒழுங்குமுறைகளிலும், அதைப் புதுப்பித்து 2023 இல் போட்டதிலும் அடிப்படை அதேதான். மின் வேலை எதையும், சேர்ப்பதோ மாற்றுவதோ பழுது பார்ப்பதோ, மாநில அரசின் உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் மூலம்தான் செய்ய வேண்டும். தகுதிச் சான்று உள்ள ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். வேலை செய்கிற கையும் அனுமதி பெற்ற கையாக இருக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரன் என்றாலும் விலக்கு இல்லை.

ஆனால் ஒரு சின்ன வாசல் விட்டிருக்கிறார்கள். விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச், 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனம் இவற்றைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். அதற்கு உரிமம் வேண்டாம். ஒரே நிபந்தனை: அந்த அமைப்பின் திறனும் தன்மையும் எந்த வகையிலும் மாறக்கூடாது.

அந்த வரியை வைத்துக்கொண்டு என் 19 வருடத்தையும் கணக்கெடுத்தேன். 104 ஆம் அறை விசிறி? வாசலுக்குள்தான் வருகிறது. காற்று மேலே போனது என் லட்சணம். சட்டத்துக்கு அதில் வருத்தமில்லை. மாட்டிய பல்புகள், ஃபியூஸ்கள் எல்லாம் உள்ளேதான். அவற்றில் பாதி சொதப்பல், ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. வாசலைத் தாண்டியவை இரண்டே இரண்டு: பெட்டியை முறுக்கிக் கட்டியது, சுவிட்சை இடம் மாற்றியது. நான் மார் தட்டிக்கொண்ட வேலைகளும் அவை இரண்டும்தான். ஒன்றுக்கு ஸ்பெஷல் டீ கிடைத்தது. மற்றது யாரும் கேட்காமல் நல்லெண்ணத்தில் செய்தது. இரண்டும் முதல் தடவையே எரிந்தன. 1956 இல் கோடு போட்டவர் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் என்னைப் போன்றவன் எந்த இடத்தில் ஆளைக் கொல்வான் என்று தெரிந்து, சரியாக அங்கே போட்டிருக்கிறார்.

பையனுக்கு வேறு மாதிரி ஆகியிருந்தால்? கவனக்குறைவால் உயிர் போனால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106 ஆவது பிரிவில் அது 5 ஆண்டு வரை. இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கணக்குப்பிள்ளைக்கு எழுதிப் பார்த்தால்தான் பயமே வரும்.

ரோஷம் வந்தது. முறையாகவே வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் என்று ஒன்று சென்னையில் இருக்கிறது. காண்ட்ராக்டர், மேற்பார்வையாளர், மின் கம்பியாள் என்று படிப்படியாக இருக்கிறது அந்த ஏணி. அடிப்படி, மின் கம்பியாள் உதவியாளர். அதற்கு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐடிஐகளில் தகுதி காண் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்கு நிறைந்து 31 வருடம் ஆகிறது. ஒயரிங் தொழிலில் 5 வருடம் குறையாமல் செய்முறை அனுபவம் வேண்டும். அது என்னிடம் மூன்று மடங்கு இருக்கிறது என்று அந்தத் தம்பியிடம் போய் நின்றேன். டேப் சுற்றிய வெளியாள் யார் என்பதையும் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றார். "சரி, அஞ்சு வருசம் யாருகிட்ட கையாளா இருந்தீக?"

யாரிடமும் இருந்ததில்லை. கொத்தனாருக்குச் சித்தாள் உண்டு, தச்சருக்கு உண்டு, லாரிக்குக் கிளீனர் உண்டு. நான் எடுத்த எடுப்பிலேயே மேஸ்திரி. நான் செய்த வேலையைத் திறந்து பார்த்து, "இது தப்பு" என்று சொல்ல எனக்கு மேலே ஒருத்தர் இருந்ததே இல்லை. 15 வருட அனுபவம் என்று நான் சொல்லிக்கொண்டது, ஒரே தவறை 15 வருடம் செய்ததுதான்.

அந்தக் கதவு சாத்தியதும் நல வாரியத்துக்காவது பதிவோம் என்று தோன்றியது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளருக்கு ஒரு வாரியம், ஓட்டுநருக்கு ஒன்று, தையல்காரருக்கு ஒன்று, சலவைத் தொழிலாளருக்கு ஒன்று, முடிதிருத்துவோருக்கு ஒன்று. எலக்ட்ரீசியனும் பிளம்பரும் கட்டுமான வாரியத்தில் வருகிறார்கள். விண்ணப்பத்தில் "தொழில்" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எலக்ட்ரீசியன் என்று எழுதினால் பொய். பிளம்பர் என்று எழுதினால் அந்த 23 ஆம் தீர்த்தம் கண் முன்னால் ஓடுகிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு வாரியம் இல்லை.

கலிபோர்னியாவில் இருக்கிறது. வாரியம் அல்ல, சலுகை. 2025 ஜனவரியிலிருந்து அங்கே 1000 டாலருக்குக் கீழே முடிகிற வேலையை உரிமம் இல்லாதவர் செய்யலாம். அதற்கு முன்னால் 500 டாலர்தான் வரம்பு. கட்டட அனுமதி தேவைப்படாத வேலையாக இருக்க வேண்டும், கூட ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது. விளம்பரம் செய்தால், தனக்கு உரிமம் இல்லை என்பதை அதிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி நிபந்தனைதான். நம் ஊரில் பிளெக்ஸ் போர்டில் இல்லாத பட்டத்தைப் போடுவோம். அங்கே இல்லாத லைசென்ஸைப் போடச் சொல்கிறார்கள். வரவேற்பு மேசைக்கு மேலே என் படத்தோடு, "இவர் உரிமம் இல்லாதவர், விசிறியைக் கவனித்துப் படுக்கவும்" என்று ஒரு போர்டு வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். முதலில் 104 ஐச் சரிசெய் என்றார்.

நான் சரிசெய்யவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். அவர் வந்தபோது நான் ஏணியைப் பிடித்தேன். அது நான்கு மாதத்துக்கு முன்னால். அன்றிலிருந்து அவர் விடுதிக்கு எப்போது வந்தாலும் கூடவே போகிறேன். ஏணி பிடிக்கிறேன், டார்ச் அடிக்கிறேன், கேட்ட ஸ்குருவை எடுத்துக் கொடுக்கிறேன். கேட் வால்வுகளுக்குப் பெயிண்டில் பெயர் எழுதிவிட்டேன். இரண்டு எழுத்துப்பிழை, ஆனால் மாடி சரி. கூட வருகிறவன் அந்தப் பையன். இருவரில் அவன்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறான். பெட்டி இப்போது சுவரில் அழகுக்கு இல்லை. மாதம் ஒரு நாள் அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பார்த்துப் பேரேட்டின் ஓரத்தில் குறித்துவைக்கிறேன். 19 வருடப் பேரேட்டில் ஒரு உயிருக்கு உபயோகமான வரி அது ஒன்றுதான்.

போன வாரம் இரண்டாவது மாடியில் ஒரு போர்டைக் கழற்ற வேண்டியிருந்தது. தம்பி ஏணியில் நின்றுகொண்டு கீழே பார்த்துக் கேட்டார்.

"மெயின் ஆஃப் பண்ணிட்டீகளாண்ணே?"

"பண்ணிட்டேன் தம்பி. நானே போய்ப் பண்ணிட்டு வந்தேன்."

"சரி" என்றார். பிறகு பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். முதலில் அடுத்த லைனில் கரண்டு இருக்கிற ஒரு பிளக்கில் வைத்தார். எரிந்தது, அப்படியானால் டெஸ்டர் உயிரோடு இருக்கிறது. அதன் பிறகு கழற்ற வேண்டிய போர்டில் ஒவ்வொரு ஒயராக வைத்துப் பார்த்தார். என் வார்த்தையை அவர் நம்பவில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நானும் பையனும் கழுத்து வலிக்க அந்தச் சின்னக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எரியாத ஒரு விளக்கைப் பார்த்து எனக்கு மூச்சு வந்தது.